காலி ஆம்பூல்களை எண்ணிய சிஸ்டர்

அன்றைக்கு எனக்கு நாலு கேஸ். ரெண்டு சிசேரியன், ஒரு ஹெர்னியா, ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். கடைசி நோயாளியை வார்டுக்கு அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தியேட்டர் சிஸ்டர் கிட்னி ட்ரேயோடு வந்து பக்கத்தில் நின்றார். ட்ரேயில் கழுத்து ஒடித்த காலி ஆம்பூல்கள், ஊசி மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். பல்லாங்குழிச் சோழி மாதிரி வகைவகையாகப் பிரித்துக் குவித்து வைத்திருந்தார்.

"சார், நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க சிஸ்டர்."

"நாலு சார்ட்டையும் பாத்துட்டேன். பென்டசோசின் ரெண்டு பேருக்குப் போட்டதா எழுதியிருக்கீங்க. இங்க அஞ்சு காலி ஆம்பூல் இருக்குங்க சார்."

பென்டசோசின் என்பது வலிக்குப் போடுகிற ஓபியம் வகை ஊசி. இப்படி யாராவது கேட்டால் சொல்வதற்கென்று நாலு வருஷமாக ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். உடைக்கும்போது நொறுங்கிக் கொட்டிப்போச்சு என்றேன். "நொறுங்கியிருந்தா தரையில கண்ணாடி கெடக்கும் சார். இன்னிக்கு ஆயா லீவு, கூட்டுனது நான்தான்" என்றார். குரலை ஏற்றவே இல்லை. அப்புறம் ட்ரேயைப் பார்த்துக்கொண்டே, "போன மாசம் அந்தத் தியேட்டர் பையனை நிறுத்துனாங்களே சார், அவன்தான் எடுக்கறான்னு. அவன் போனதுக்கப்புறமும் கணக்கு இடிக்குதுங்களே" என்றார்.

இது 2016-ல். ஈரோட்டுப் பக்கம். நான் அனஸ்தீஷியா டாக்டர். எங்கள் ஊரில் 'மயக்க டாக்டர்' என்பார்கள். எனக்கு நடந்ததை வெளியில் எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சமீபத்தில் எனக்குப் பல வருஷம் ஜூனியரான ஒருவர் நடுராத்திரி கூப்பிட்டு, "சார், உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன், உண்மையா?" என்று கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. அவருக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சின்ன ஊர்களில் மயக்க மருத்துவம் எப்படி ஓடுகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இருபது முப்பது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் சொந்தமாக மயக்க டாக்டர் இருக்க மாட்டார். கேஸ் இருந்தால் போன் வரும், காரில் பையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணிக்கு, "குழந்தைக்கு ஹார்ட் ரேட் இறங்குது, பத்து நிமிஷத்துல வாங்க" என்பார்கள். முடியாது என்று ரெண்டு தடவை சொன்னால் மூன்றாவது தடவை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், அந்த ஆஸ்பத்திரி கையை விட்டுப் போய்விடும். பதினோரு வருஷம் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் தூங்கினேன். தூங்கினேன் என்பதே ஒரு பேச்சுக்குத்தான்.

இந்த ஊசி எனக்கு ஏன் பழகியது என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்வேன். பொய் இல்லை. நோயாளிகளின் முதுகில் ஸ்பைனல் ஊசி போடக் குனிந்து குனிந்து டிஸ்க் போய்விட்டது, ஒரு நாள் நிற்க முடியாத வலி, இன்னும் ரெண்டு கேஸ் பாக்கி, ஒரு ஊசி போடச் சொன்னேன். வலி போனது. வலியோடு சேர்ந்து போன் அடித்துவிடுமோ என்கிற பயமும் போனது. அதை நான் கவனித்தேன். முதுகு சரியான பிறகும் மறுபடி போட்டுக்கொண்டது இந்த ரெண்டாவதற்காகத்தான். மருந்தைப் பற்றி வகுப்பெடுக்கிற அளவுக்குத் தெரிந்தவன், எனக்கா பிடிக்கும் என்கிற திமிர் வேறு. மார்ஃபின், ஃபென்டனில் மாதிரி கடுமையான வலி மருந்துகள் என்றால் பூட்டு, ரிஜிஸ்டர், லைசன்ஸ் எல்லாம் உண்டு. நான் வேலை பார்த்த சின்ன தியேட்டர்களில் பென்டசோசின் ட்ராலியின் மேல்தட்டிலேயே கிடக்கும். யாரும் எண்ண மாட்டார்கள். டாக்டர் மேல் நம்பிக்கை.

இந்த மருந்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் தோலும் தசையும் இறுகிவிடும். என் தொடை ரெண்டும் மரக்கட்டை மாதிரி ஆகியிருந்தது. முட்டி முழுசாக மடங்காது. அப்பா இறந்தபோது கருமாதிக்கு மணையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டேன். ஐயர் பதறிப்போய் நாற்காலி போடச் சொன்னார். பெரிய பையன் அப்பா மேல் எவ்வளவு பாசம் பார், உடைஞ்சு போயிட்டான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பிண்டம் வைத்தேன். அன்றைக்குக் காலையிலும் ஊசி போட்டிருந்தேன்.

யாருக்குமே தெரியாமல் இருந்ததா என்றால், அப்படியெல்லாம் இல்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிகளில் குறைந்தது மூன்று இடத்திலாவது சந்தேகம் இருந்திருக்கிறது, பின்னால் அவர்களே சொன்னார்கள். வெயில் காலத்திலும் முழுக்கை, கேஸுக்கு நடுவே அடிக்கடி பாத்ரூம், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கின கண்மணி. டாக்டர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? ஒரு சர்ஜன் மட்டும், "டாக்டர், டயர்டா தெரியறீங்க, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. அவ்வளவுதான். ரெண்டு தெரு தள்ளி இன்னொரு நர்சிங் ஹோமிலிருந்து வந்தது. அந்த சர்ஜன் நல்லவர், என் பேர் கெடக்கூடாது என்று நினைத்திருப்பார். அவருடைய நோயாளிகள் தப்பித்தார்கள், அடுத்த தெருவில் இருந்தவர்களைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இந்த மாதிரி மூடி மறைப்பது நம் ஊர் வழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சிகிச்சையில் இருந்தபோது ஹால்ஸ்டெட்டைப் பற்றி விவரமாகப் படித்தேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் முதல் சர்ஜரி பேராசிரியர். ரப்பர் கையுறையைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தது அவர்தான், நர்ஸ் ஒருவருக்குக் கிருமிநாசினியால் கை புண்ணாகிறது என்று 1890 வாக்கில் செய்யச் சொன்னது. 1884-ல் கொக்கெய்னை நரம்பில் போட்டு மரத்துப்போக வைக்க முடியுமா என்று தன் மேலேயே பரிசோதனை செய்து பார்த்து அதில் மாட்டிக்கொண்டார். சிகிச்சைக்குப் போன இடத்தில் மார்ஃபின் பழகியது. அப்புறம் குணமாகிவிட்டார் என்றுதான் உலகம் நம்பியது. கூட வேலை பார்த்த ஆஸ்லருக்கு உண்மை தெரியும். அவர் அதை ரகசியமாக எழுதி மூடி வைத்தார். 1969-ல் அதைத் திறந்தபோதுதான் ஹால்ஸ்டெட் பிறகும் தினமும் மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. அவர் செத்து அப்போது 47 வருஷம். ஆஸ்லர் நவீன மருத்துவத்துக்கே தகப்பன் மாதிரி, அவரே எழுதிப் பூட்டித்தான் வைத்தார்.

எங்கள் சிஸ்டர் பூட்டி வைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே என் மனைவிக்குப் போன் செய்துவிட்டார். "டீச்சர், சார் பையை ஒரு தடவை பாருங்க" என்று மட்டும் சொன்னாராம். நான் வீட்டுக்குப் போனபோது பை சமையலறைத் தரையில் திறந்து கிடந்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளாங்க?"

"ஆறு மாசம்" என்றேன். நாலு வருஷம். அந்த நேரத்திலும் குறைத்துத்தான் சொல்ல வந்தது.

முதலில் ஒரு டாக்டர் நண்பரின் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனேன். கேஸ் ஷீட்டில் அவர் 'அக்யூட் காஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதினார். வயிற்றுப்புண். குடியில் வருகிறவர்களுக்கு நம் ஊரில் வழக்கமாக எழுதுகிற அதே டயக்னோசிஸ், நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். நாலு நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், வாந்தி நின்றது, வீட்டுக்கு வந்தேன், ஆறாம் நாள் மறுபடி போட்டேன். வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் பார்த்தால் வயிறுதானே சரியாகும்?

ரெண்டாவது தடவை சென்னைக்குப் போனோம். போதை சிகிச்சைக்கென்று சென்னையில் பழைய பேர் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது, குடும்பத்தையும் கூட வைத்துச் சிகிச்சை என்பதை இந்தப் பக்கம் பழக்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் இருந்தது வேறு ஒரு இடம். அங்கிருந்த மனநல டாக்டர் என் காலேஜ்தான், எட்டு வருஷம் ஜூனியர். முதல் நாளே நான் எனக்கான மருந்துகளை, எத்தனை நாளில் எப்படிக் குறைக்க வேண்டும் என்பது வரை, ஒரு பேப்பரில் எழுதி நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "சார், சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இங்க மருந்து நான் எழுதறேன், நீங்க சாப்பிடுங்க." இருபது வருஷமாக யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. கோபம் வந்தது. ராத்திரி ஒரு அட்டெண்டர் என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஷேவிங் பிளேடை எடுத்துக்கொண்டு போனபோது இன்னும் வந்தது.

மருந்தை நிறுத்தியதும் உடம்பு காட்டுகிற அறிகுறிகள்: கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு. மாணவர்களுக்கு ஐந்து மார்க் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்த பட்டியல். புத்தகத்தில் இருக்கிற வரிசையிலேயே வந்தது.

அறையில் கூட இருந்தவர் நாமக்கல் பக்கத்து லாரி ஓனர். குடி. என்னை டாக்டருங்க என்றுதான் கூப்பிடுவார். நான் குடிப்பதில்லை என்று சொன்னதிலிருந்து அவருக்குக் குழப்பம், நாலாம் நாள் கேட்டேவிட்டார். அப்புறம் எதுக்குங்க இங்க வந்தீங்க? ஊசி என்றேன். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அட சாமி. எங்களுக்காச்சும் பத்து மணிக்குக் கடையைச் சாத்திருவானுங்க டாக்டருங்க."

என் நிலைமையை இதைவிடச் சரியாக எந்த ஜர்னலிலும் நான் படிக்கவில்லை. எங்களுக்குக் கடை சாத்துவதே இல்லை. கடைக்குள்ளேயேதான் வேலை. குணமாகி வெளியே வந்ததும் மறுபடி அதே கடையைத் திறக்கத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் 1975 முதல் 2009 வரை மயக்க மருத்துவம் படித்த 44,612 பேரை எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். படிக்கும் காலத்திலேயே போதையில் மாட்டியது 384 பேர். அவர்களில் நூற்றுக்கு 43 பேர் 30 வருஷத்துக்குள் திரும்ப விழுவார்கள் என்று கணக்கு வந்தது. அதனால்தான் எங்கள் துறையில் ஒரு தடவை மாட்டியவரைத் தியேட்டருக்குள்ளேயே விடக்கூடாது, வேறு துறைக்குப் போகச் சொல்ல வேண்டும் என்று பேசுபவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் நானும் விழுந்தேன். ஏழு மாசம் சுத்தமாக இருந்துவிட்டு, 2017 ஆகஸ்டில். கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரி, என் கதை தெரியாத இடம். அந்தத் தடவை ஃபென்டனில். இதை மட்டும் எந்தக் குடும்பம் படித்தாலும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தி வைத்திருந்த மாசங்களில் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். முன்னே ஒன்றுமே செய்யாத அளவு இப்போது மூச்சை நிறுத்தும். எனக்கு இது தெரியாதா? பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன். டூட்டி ரூம் பாத்ரூமில் விழுந்து கிடந்தவனை, பக்கெட் எடுக்க வந்த வார்டு ஆயா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். நின்ற மூச்சைத் திருப்புகிற மாற்று மருந்தான நாலொக்சோனைப் போட்டது எனக்கு அதற்கு முந்தைய வாரம்தான் அறிமுகமான ஒரு சின்ன டாக்டர். கண் விழித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். ஆயாவுக்கு பக்கெட் கிடைத்ததா என்று எனக்கு ஏனோ அப்போது தோன்றியது, இன்னமும் அடிக்கடி தோன்றுகிறது.

திரும்ப அந்த மனநல டாக்டரிடமே போனேன். அவர்தான் அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பிரிண்ட் எடுத்து முன்னால் வைத்தார். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அந்த நாட்டில் 1973-லேயே மருத்துவச் சங்கம் 'நோயுற்ற டாக்டர்' என்று அறிக்கை போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டது, அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக டாக்டர்களுக்கென்றே அமைப்புகள் வந்தன. அப்படி 16 மாநில அமைப்புகளில் சேர்ந்த 904 டாக்டர்களை எடுத்துக்கொண்டு, அதில் 802 பேரின் ஐந்து வருஷக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வருஷ முடிவில் 631 பேர் உரிமத்தோடு வேலையில் இருந்தார்கள். நூற்றுக்கு 79 கிட்ட வருகிறது. முப்பது பேர் இறந்துபோயிருந்தார்கள், அதையும் மறைக்காமல் போட்டிருக்கிறார்கள்.

போதைச் சிகிச்சையில் இவ்வளவு நல்ல கணக்கைப் பார்ப்பது அபூர்வம். அங்கே என்ன மந்திரம் என்று தேடினால் ஒன்றும் பெரிதாக இல்லை. முதலில் ஒழுங்கான சிகிச்சை, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு எந்த நாள் என்று சொல்லாமல் கூப்பிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை, குழுக் கூட்டங்கள், வேலையிடத்தில் கண் வைத்துப் பார்க்கிற ஒரு ஆள், தவறினால் உரிமத்துக்கு ஆபத்து, ஒழுங்காக இருந்தால் வேலை பத்திரம். அதாவது யாரோ ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். அந்த ஏற்பாட்டில் கட்டாயம் அதிகம், செலவு டாக்டர் தலையில் என்று அங்கேயே புகார்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் தேடிய அளவில் அப்படி ஒரு ஏற்பாடு எனக்கு இங்கே கிடைக்கவில்லை. நாங்களே ஒன்று செய்துகொண்டோம். ஒரு ஃபுல்ஸ்கேப் தாள், நாலு கையெழுத்து: மனநல டாக்டர், என் மனைவி, தியேட்டர் சிஸ்டர், சிஸ்டர் வேலை பார்த்த நர்சிங் ஹோமின் சர்ஜன். ஐந்து வருஷத்துக்கு. ஒரே ஆஸ்பத்திரி, பகல் கேஸ் மட்டும். மருந்தை எடுத்துத் தருவதும் மிச்சத்தை என் கண் முன்னால் சிங்க்கில் ஊற்றுவதும் சிஸ்டர், அலமாரிச் சாவி என் கைக்கு வராது. காலையில் நால்ட்ரெக்சோன் மாத்திரை, உள்ளே இருந்தால் ஓபியம் வகை மருந்து எதுவும் ஏறாது, வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி கையால் வாங்கி விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். முதல் சில மாசம் அவள் அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், வாயை மட்டும் பார்ப்பாள். டாக்டரின் ரிசப்ஷன் பெண் எந்த நாளும் கூப்பிடுவாள்: "சார், இன்னிக்கு டெஸ்ட்." அன்றைக்கே போக வேண்டும். வருமானம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. போன் ராத்திரியில் அடிப்பது நின்றது. இத்தனை வருஷமாக ஊசியில் தேடினது அதுதான் என்று யோசித்தால் சிரிப்பும் வரும்.

போதைக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. மனச்சோர்வு. ஊசி நின்ற பிறகுதான் அது தெரிந்தது, குளம் வற்றினால் அடியில் கிடப்பதெல்லாம் தெரிகிற மாதிரி. அதற்கும் மாத்திரை எடுத்தேன், இன்னமும் எடுக்கிறேன். கொரோனா வந்து மூச்சுக்குழாயில் டியூப் போடுவதே வேலையாக இருந்த மாசங்களில் அந்த மனநல டாக்டர் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார், மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச மாட்டார். அதே 2020 ஏப்ரலில் நியூயார்க்கில் வேலை பார்த்த லோர்னா பிரீன் என்கிற அவசர சிகிச்சை டாக்டர் தற்கொலை செய்துகொண்டார். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் உரிமம் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் வெளியில் சொன்னார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக 2022-ல் அவர் பேரிலேயே அங்கே சட்டம் வந்தது. லண்டனில் 2008-லிருந்தே டாக்டர்கள் தாங்களாகவே போய் ரகசியமாகப் பார்த்துக்கொள்ள ஒரு சேவை இருக்கிறது.

நமக்கும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சமீபத்தில் நடுராத்திரி எனக்குப் போன் செய்தாரே, அந்த ஜூனியருக்கு இருந்த பெரிய பயம் போலீஸ். போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்குமான வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம். டாக்டர்களிலேயே பல பேருக்கு இது தெரியாது. 2017 மனநலச் சட்டம் நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. பேச ஆளில்லாத ராத்திரிக்கு 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். வேலையைச் சொல்ல வேண்டாம், பேரைச் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு கூச்சம். டாக்டர் என்பதால் எனக்கு வயிற்றுப்புண் என்று எழுத ஒரு நண்பர் இருந்தார், ரெஸ்ட் எடுங்க என்று சொல்ல ஒரு சர்ஜன் இருந்தார், சென்னைக்குப் போகப் பணம் இருந்தது. இதே காரியத்தை ஒரு சிஸ்டரோ ஒரு டெக்னீஷியனோ செய்திருந்தால்? செய்யவே வேண்டாம், சந்தேகம் வந்தாலே போதும்.

அந்தத் தியேட்டர் பையன். இப்போது முப்பத்தைந்து வயசிருக்கும், பையன் என்று எழுதக்கூடாது. அவரை வேலையை விட்டு நிறுத்திய அன்றைக்கு நான் அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது, "நான் எடுக்கலைங்க சார், எங்கம்மா சத்தியமா எடுக்கலை." நான் காபியைக் குடித்து முடித்தேன்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாப் ஸ்மித், அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊரில் சர்ஜன். 1935 ஜூன் 10, அன்றைக்கு அவருக்கு ஒரு ஆபரேஷன். கை நடுக்கம் அடங்க ஒரு பீர் குடித்துவிட்டுப் போனார், அதுதான் கடைசி. ஆபரேஷன் முடிந்து பல மணி நேரம் ஆளைக் காணோம், மறுபடி குடிக்கப் போய்விட்டார் என்று வீட்டில் பயந்துகொண்டிருந்தார்கள். அவரோ யார் யாருக்குக் கெடுதல் செய்தாரோ அவர்களையெல்லாம் தேடிப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். (அதே ஊர் ஆஸ்பத்திரியில் 1939-ல் சிஸ்டர் இக்னேஷியா என்கிற கன்னியாஸ்திரியும் அவரும் சேர்ந்து குடி நோயாளிகளைப் படுக்க வைக்க ஆரம்பித்தபோது, முதல் ஆளுக்கு எழுதின டயக்னோசிஸ் என்ன தெரியுமா? அக்யூட் காஸ்ட்ரைட்டிஸ். படித்துவிட்டு என் நண்பருக்கு அனுப்பினேன்.) பாப் ஒரே நாளில் செய்ததைச் செய்ய எனக்கு மூன்று வருஷம் ஆனது.

முதலில் அந்தத் தியேட்டர் ஆளை நிறுத்திய நர்சிங் ஹோமுக்கு எழுதிக் கொடுத்தேன், மருந்தை எடுத்தது நான், அவருக்குச் சம்பந்தமில்லை என்று. வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் சிஸ்டர் விசாரித்துச் சொன்ன விலாசத்துக்கு பஸ் ஏறிச் சேலம் போனேன். ஒரு டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லி முடித்தேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கையில் இருந்த டியூபிங் பாக்கெட்டின் ஓரத்தை நகத்தால் நிரவிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். அன்னிக்கு என்கிட்ட பன்னெண்டு ஆம்பூல்னு சொன்னாங்க. கடைசி மாசச் சம்பளத்துல அதைப் புடிச்சுட்டுத்தான் குடுத்தாங்க. நெசமா எத்தனை?"

பழைய சார்ட்டுகளை வைத்து நான் அந்த மாசத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன்.

"முப்பத்தெட்டு தம்பி."

"முப்பத்தெட்டா" என்றார். உள்ளே ஒரு மெஷின் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. எழுந்தார். "இருங்க சார், பாத்துட்டு வந்தர்றேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்பது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வர நாற்பது நிமிஷம் ஆனது.